வயரைப் பிடுங்கின நாள்ல எடுத்த பேக்கப்

வேணும்னே ஒரு தப்பான வரைபடத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள போட்டு, வயரைப் பிடுங்கி, அந்த வயர்ல சாமந்திப் பூவைச் சுத்தி, அப்படியே ஒரு நாள் விட்டுப் பார்த்தா என்னன்னு எனக்குத் தோணினது போன வாரம், கம்பெனி வேன் பெரியபாளையம் தாண்டி ஒரு பள்ளத்துல இறங்கி என் தலை ஜன்னல்ல டங்குன்னு இடிச்ச அந்த நொடியில. வலி கூட அப்புறம்தான் தெரிஞ்சுது, முதல்ல வந்தது ஐடியா.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க, நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

முன்னாடியே சொல்லிடுறேன், எனக்குப் பேய், ஆவி, காத்து கருப்பு எதுலயும் நம்பிக்கை கிடையாது. மெக்கட்ரானிக்ஸ் படிச்சவ. காலேஜ் ஹாஸ்டல்ல மாடியில யாரோ முனகுறாங்கன்னு மொத்த புளோரும் போர்வைக்குள்ள சுருண்டுகிட்டப்போ, டார்ச்சை எடுத்துட்டுப் போய், முனகுறது தண்ணி டேங்க் வால்வுன்னு கண்டுபிடிச்சவ நான்தான். நல்ல கதையைக் கெடுத்துட்டேன்னு அதுக்கப்புறம் கொஞ்ச நாள் யாரும் என்கிட்ட சரியாப் பேசலை. வேன்ல வர்ற ஆளுங்க கவரைப்பேட்டைக்கு முன்னாடி ஒரு வளைவைக் காட்டி இங்க ஒரு பொம்பளை கை காட்டும்பாங்க, நான் அந்த வளைவுலதான் நல்லாத் தூங்குவேன். அப்படிப்பட்ட ஆள் சொல்றேன். இன்னொண்ணு, இது ராத்திரி நடக்கலை. பட்டப்பகல், ட்யூப்லைட் வெளிச்சம், சுத்தி மெஷின் ஆயில் வாசனை. அமானுஷ்யம்னா நடுராத்திரியிலதான் வரணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே.

வீடு வேப்பம்பட்டு, வேலை கும்மிடிப்பூண்டி எஸ்டேட்ல ஒரு சின்ன டூல்ரூம்ல. பெரிய கம்பெனிங்க ஒரு இரும்புப் பாகத்துல துளை போடணும்னா அது அசையாம இருக்க ஒரு பிடி வேணும் இல்லையா, அதுக்கு ஃபிக்ஸர்னு பேர், அதைத்தான் நாங்க வரைஞ்சு, செஞ்சு கொடுக்குறோம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்குறது நான், வரையிறது ஸ்டெல்லா அக்கா. லேத்துல ஆரம்பிச்சு, ஹெல்மெட் மாதிரி கனமான கண்ணாடி போட்டுக்கிட்டு கம்ப்யூட்டர்ல வந்து உட்கார்ந்தவங்க. வாய் ஜாஸ்தி. அவங்க கேபின்ல இருந்து சிரிப்புச் சத்தம் வந்தா, மில்லிங் மெஷின் ஓடினாலும் காதுல விழும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்தக் கேபின் கம்ப்யூட்டர்ல, கம்ப்யூட்டரோடயே இலவசமா வர்ற பேக்கப் ஒண்ணு இருந்துச்சு. என்ன கம்ப்யூட்டர், என்ன பேக்கப்னு கேக்காதீங்க, எல்லாம் ஒண்ணுதான். நீல ரப்பர் உறை போட்ட ஒரு வெளி டிஸ்க்கை மாட்டி வச்சா, எல்லா வரைபடத்தையும் அதுவே தினமும் நகல் எடுத்து வச்சுக்கணும். எடுத்துச்சா? ஒரு நாள் 'டிஸ்க்கை மாட்டவும்'னு கேக்கும், டிஸ்க் மாட்டித்தான் இருக்கும். ஒரு நாள் தொண்ணூத்தொம்பது சதவீதத்துல நிக்கும், டீ வரும் நிக்கும், சாப்பாட்டு மணி அடிக்கும் நிக்கும், வேன் ஹாரன் அடிக்கும் அப்பவும் நிக்கும். இன்னொரு நாள் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது'ன்னு வரும். ஏதோன்னா என்ன? எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உன்னைக் கேக்குறேன்? ஆனா இதெல்லாத்துக்கும் மேல மூலையில ஒரு பச்சை டிக் மட்டும் ஜம்முன்னு உட்கார்ந்திருக்கும். எல்லாம் பத்திரம், நிம்மதியாப் போய்த் தூங்குங்கன்னு.

நான் முதலாளி பாபு சார் கிட்ட சொன்னேன், "சார், இது பொய் சொல்லுது சார். நானே ஒரு புரோகிராம் எழுதித் தரேன், எது நகலாச்சு எது ஆகலைன்னு பிட்டுப் பிட்டு வைக்கும்."

"பச்சை டிக் போட்டுக்கீதேம்மா," அப்படின்னார். "அதைப் போட்டவன் உன்னை விட பெரிய படிப்பு படிச்சவனாத்தான் இருப்பான். நல்லா ஓடிக்கினு இருக்கறதுல கை வைக்காத."

ஸ்டெல்லா அக்கா உள்ளே இருந்து கத்துச்சு. "ஊட்டுல எங்க ஆளும் அப்படித்தான் சார். கேஸ் புக் பண்ணியான்னா தலையாட்டுவாரு. பச்சை டிக்குதான் அதுவும்!"

போன வருஷம் ஒரு பெரிய வாய்ப்பு வந்துச்சு. அதுவரைக்கும் வேற டூல்ரூம்காரங்க பிச்சுக் கொடுக்குற வேலையைத்தான் செஞ்சுகிட்டு இருந்தோம். முதல் தடவையா ஒரு பெரிய கம்பெனி நேரா எங்ககிட்டயே ஒரு முழு ஃபிக்ஸர் வரிசையை வரையச் சொன்னாங்க. வரைபடத்தை வந்து பார்ப்பாங்க, பிடிச்சா ஆர்டர், அப்புறம்தான் இரும்பை வெட்டணும். இது கிடைச்சா டிசைன் பொறுப்பு மொத்தமும் உனக்குத்தான், கதவுல பேர்ப்பலகையே மாட்டுறேன்னு பாபு சார் அக்கா கிட்ட எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அக்கா ஒரு மாசம் உட்கார்ந்து வரைஞ்சுது. கடைசி வரைபடம் முடிஞ்சது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்.

ஆயுத பூஜைன்னா எங்க எஸ்டேட்ல தெரியும்தானே. மண்ணெண்ணெய் போட்டு மெஷினை எல்லாம் கழுவி, மாவிலை கட்டி, வாசல்ல பூசணிக்காயை வச்சு, ஏதோ எல்லா மெஷினுக்கும் அன்னிக்குக் கல்யாணம்கிற மாதிரி இருக்கும். எங்க கம்பெனியில பூஜைக்கு அத்தாரிட்டி எலக்ட்ரீஷியன் மணி அண்ணன். அவர்கிட்ட ஒரு வழக்கம், மெயின் சுவிட்சை இறக்கினா மட்டும் அவருக்குப் பத்தாது. ஒவ்வொரு பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி, அது மேல சாமந்திப் பூவை ஒரு சுத்து சுத்திடுவார். "வருசம் பூரா உழைக்குது, ஒரு நாளு லீவு குடும்மா. பூ சுத்தியாச்சுன்னா எவனும் தொடக் கூடாது," அப்படிம்பார். மறுநாள் காலையில சூடம் காட்டி அவரே அவுத்தாத்தான் உண்டு.

அன்னிக்கும் அப்படித்தான். லேத், டிரில், கத்திரிக்கோல், ஸ்டேப்ளர், பாபு சாரோட கால்குலேட்டர், எல்லாத்துக்கும் சந்தனம், நடுவுல குங்குமம். கேபின் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிப் பூ சுத்தினார். அந்த நீல டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டு வந்து, முன் ஹால்ல சாமி படத்துக்கு முன்னாடி வாழையிலையில அளவுகோல் எல்லாத்தோட சேர்த்து வச்சு, ஒரு பெரிய சந்தனப் பொட்டு வச்சார் பாருங்க, சரியா வயர் மாட்டுற ஓட்டை மேலயே! நான் "அண்ணே, அண்ணே"ன்னு ஓடி வர்றதுக்குள்ள கட்டை விரலால அழுத்தியும் விட்டுட்டார்.

"இன்னாம்மா, கண்ணு தொறந்தாச்சு அதுக்கு," அப்படின்னு சிரிக்கிறார்.

"அது கண்ணு இல்லண்ணே, வாயி! அடைச்சுட்டீங்க!"

"அடச்சா இன்னா, இன்னிக்கு விரதம்னு நெனச்சுக்கும்."

ஸ்டெல்லா அக்கா ஒரு ஓரமா பொரி கடலையை மடியில கொட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. மணி அண்ணன் விடலை. "ஸ்டெல்லா, நீ கும்புட மாட்ட, பொரிக்கு மட்டும் மொத ஆளு."

"பொரி இன்னா சர்ச்சுக்கு வராதா அண்ணே? போடு இன்னொரு கை."

நான் எல்லாரையும் சேர்த்து போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். அந்த போட்டோவை ஞாபகம் வச்சுக்கங்க.

மறுநாள் பல் குத்துற குச்சியை வச்சு அந்த ஓட்டையை நோண்டினேன். சந்தனம் சிமெண்ட் மாதிரி காய்ஞ்சு போய் உள்ளே இருந்த தகடே வளைஞ்சிருந்துச்சு. வயர் ஏறலை. புது டிஸ்க் வாங்கலாம் சார்னேன், தீபாவளி போகட்டும்னார். சரின்னு அதைத் துணியில சுத்தி டிராயர்ல போட்டாச்சு. இப்ப வேடிக்கையைக் கேளுங்க. டிஸ்க் டிராயர்ல கிடக்கு, வாய் அடைச்சுக் கிடக்கு, கம்ப்யூட்டர்ல தினமும் பச்சை டிக்! யாருக்கு எடுக்குற, எதுல எடுக்குற? எனக்கு வந்த கோவத்துக்கு அந்த டிக்கை ஸ்க்ரீன்லயே நகத்தால சுரண்டியிருப்பேன்.

அடுத்த வாரம், அந்தப் பெரிய கம்பெனிக்காரங்க வரப் போறதுக்கு முந்தின நாள். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்தா கம்ப்யூட்டருக்குள்ள இருந்து டக், டக், டக்குன்னு யாரோ விரல் சொடுக்குற மாதிரி சத்தம். அப்புறம் ஸ்க்ரீன் கறுப்பு. எல்லாம் பண்ணிப் பார்த்தேன். உள் டிஸ்க் போயே போச்சு. உயிர் இல்லை.

ஸ்டெல்லா அக்கா கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு அந்தக் கறுப்பு ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு மாசம் வரைஞ்சது, பிரின்ட் கூட எடுக்கலை, நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்னு வச்சிருந்தோம். பாபு சார் உள்ளே வந்தார், என் மூஞ்சியைப் பார்த்தார், பேக்கப்னு ஆரம்பிச்சார், அவரே நிறுத்திக்கிட்டார். நம்புங்க, அந்த நேரத்துல 'நான் அப்பவே சொன்னேன்'னு சொல்றதுல கூட ஒரு சுகம் இல்லை.

கொஞ்ச நேரம் கழிச்சு அக்கா மெதுவா, "போனாப் போகுது, லேத்து இன்னா ஓடியா போச்சு, நாளைக்கே போய் நின்னுக்குறேன்,"னு சொல்லி சிரிக்கப் பார்த்துச்சு. சத்தம் வரலை. அந்தச் சத்தம் வராத சிரிப்பைப் பார்த்துட்டு என்னால சும்மா உட்கார முடியலை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். டிராயர்ல இருந்த நீல டிஸ்க்கோட உறையை உரிச்சு, மேல் மூடியைக் கழட்டி, உள்ளே இருந்த நிஜ டிஸ்க்கை மட்டும் வெளியில எடுத்தேன். நல்ல வேளை பழைய மாடல், சந்தனம் அடைச்சது வெளிப் பக்கம் இருந்த சின்ன சர்க்யூட் பலகையை மட்டும்தான். சிசிடிவி கேமரா பெட்டிக்கு வாங்கின வேற ஒரு வயர் இருந்துச்சு, அதை மாட்டி பாபு சார் ரூம் கம்ப்யூட்டர்ல சொருகினேன். டிஸ்க் சுத்துற சத்தம் கேட்டுச்சு. மணி அண்ணன் கன்னத்துல போட்டுக்கிட்டார்.

உள்ளே தேதி தேதியா ஃபோல்டர். ஒண்ணு ஒண்ணாத் திறந்தேன். காலி. அடுத்தது, காலி. மாசக் கணக்கா பச்சை டிக் போட்டு எடுத்த அத்தனை பேக்கப்பும் சுத்தமா காலி, பேர் மட்டும் எழுதின வெறும் டப்பா மாதிரி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காலி. கடைசியா ஒரே ஒரு ஃபோல்டர்.

ஆயுத பூஜை அன்னிக்கு எடுத்தது. முழுசா இருந்துச்சு. ஒரு ஃபைல் விடாம.

"ஹைய்யா!"ன்னு அக்கா என் முதுகுல ஒண்ணு வச்சுது பாருங்க, இன்னும் வலிக்குது. எல்லாரும் கத்துறாங்க, பாபு சார் டீக்கும் சமோசாவுக்கும் சொல்றார், நான் மட்டும் அந்தத் தேதியையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். அன்னிக்கு மெயின் இறக்கியாச்சு. கம்ப்யூட்டர் வயர் பூவைச் சுத்திக்கிட்டு மேசை மேல. டிஸ்க் முன் ஹால்ல, வாழையிலையில, வாயில சந்தனத்தோட. எதுல இருந்து எதுக்கு எப்படிப் போச்சு?

என் மூளை உடனே வேலை செஞ்சுது. கடிகாரம் ஒரு நாள் முந்தி ஓடியிருக்கும், அவ்வளவுதான், முந்தின நாள் எடுத்ததைத்தான் மறுநாள் தேதியில போட்டிருக்கும். ஆனா முந்தின நாளுக்குன்னு ஒரு காலி ஃபோல்டர் தனியா இருக்கே. சரி, அதுல ஏதோ குளறுபடின்னு வச்சுக்கலாம். இந்த சாப்ட்வேரைப் பத்தி எதை வேணா நம்பலாம், அது உருப்படியா வேலை செஞ்சிருக்கும்கிறதைத் தவிர. அப்படி மனசைத் தேத்திக்கிட்டு முதல் வரைபடத்தைத் திறந்தேன்.

ஒவ்வொரு வரைபடத்துலயும் வலது மூலையில ஒரு கட்டம் உண்டு. வரைஞ்சவர் யாரு, சரி பார்த்தவர் யாருன்னு. வரைஞ்சவர் இடத்துல ஸ்டெல்லான்னு இருக்கும். சரி பார்த்தவர் இடம் எப்பவும் காலி, ஏன்னா எங்க கம்பெனியில சரி பார்க்க ஆள் கிடையாது. அந்தக் காலிக் கட்டத்துல ஒரு சின்ன வட்டம் இருந்துச்சு. மஞ்சள் வட்டம். அதுக்கு நடுவுல சிவப்பா ஒண்ணு.

சந்தனமும் குங்குமமும்.

"அக்கா, இது நீங்க போட்டதா?"

"எனக்கு இன்னாடி வேலை இல்ல? கட்டத்துல கோலம் போட்டுக்கினு இருப்பேனா?"

அடுத்ததைத் திறந்தேன், அதுலயும் பொட்டு. எல்லா வரைபடத்துலயும் பொட்டு, ஒரே இடத்துல, ஒரே அளவுல. மணி அண்ணனுக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. பாபு சார் தன் தலை மேலயே கை வச்சு சத்தியம் பண்ணார். நான் அந்த வட்டத்தை மவுஸால தொட்டுப் பார்த்தேன், வரைபடத்துல மத்த கோடெல்லாம் தொட்டா நிறம் மாறும், இது மட்டும் மாறலை. அழிக்கவும் முடியலை. எனக்கு முதுகுல லேசா ஒரு குளிர், ஏ.சி.யா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ரூம்ல ஏ.சி. இல்லை.

ஒரே ஒரு வரைபடத்துல மட்டும் பொட்டு இல்லை. கட்டம் காலி.

"இதை மட்டும் ஏன் விட்டுச்சு?"ன்னு நான் கேட்டேன், யாரைக் கேட்டேன்னு தெரியலை. ஸ்டெல்லா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முன்னாடி வந்து உட்கார்ந்துச்சு. ரொம்ப நேரம் பார்த்துச்சு. பெருசு பண்ணிப் பார்த்துச்சு, திருப்பிப் பார்த்துச்சு. சமோசா ஆறிப் போச்சு. திடீர்னு, "அய்யய்யோ"ன்னுச்சு.

அந்த ஃபிக்ஸர்ல, டிரில் கீழே இறங்குற வழியிலயே பிடியோட போல்ட் தலை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்படியே செஞ்சிருந்தா முதல் துளையிலயே டிரில் போய் போல்ட்டுல மோதி ஒடிஞ்சிருக்கும். ஒரு மாசமா எத்தனையோ தடவை பார்த்த வரைபடம், அக்காவும் பார்த்தாங்க, நானும் பார்த்தேன், ரெண்டு பேர் கண்ணுக்கும் படலை.

அக்கா அங்கேயே உட்கார்ந்து போல்ட்டை மறு பக்கம் மாத்திச்சு. சேவ் பண்ணுச்சு. அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். பொட்டு ஒண்ணும் வந்துடலை, காலியாத்தான் இருந்துச்சு. எனக்கென்னமோ கொஞ்சம் ஏமாற்றமா இருந்துச்சுன்னா நம்புவீங்களா?

மறுநாள் அந்தப் பெரிய கம்பெனியில இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. அதுல பெரியவர் எல்லாத்தையும் நிதானமாப் பார்த்துக்கிட்டே வந்து, சரியா அந்த வரைபடத்துல நின்னார். "இந்த இடத்துல எல்லாருமே போல்ட்டை டிரில் இறங்குற பக்கமே வச்சு மாட்டிக்குவாங்க. நீங்க யோசிச்சிருக்கீங்க," அப்படின்னார். அக்கா பெருந்தன்மையா தலையாட்டுச்சு. அப்புறம் அவர் அடுத்த வரைபடத்தோட மூலையைக் காட்டி, "இது என்ன சிம்பல்? யாரு செக் பண்ணது?"ன்னு கேட்டார். பாபு சாருக்கு டீ புரை ஏறிடுச்சு.

அக்கா கண்ணே சிமிட்டலை. "எங்க சீனியர் சார். ரொம்பக் கூச்சப்படுவாரு, ஆளுங்க முன்னாடி வர மாட்டாரு."

"நல்ல ஆள். விட்டுடாதீங்க," அப்படின்னுட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டர் வந்துச்சு. கதவுல பேர்ப்பலகை மாட்டியாச்சு, அக்கா தினமும் அதைக் கர்ச்சீப்பால துடைக்குது. அந்தப் பொய்ப் பேக்கப்பை நான் என் கையாலயே நிறுத்திட்டேன். இப்ப ஓடுறது என் புரோகிராம், எது நகலாச்சுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லும், வாரா வாரம் நானே திறந்தும் பார்த்துக்குறேன். ஒரு ஃபைல் கூட இதுவரைக்கும் தொலையலை. ஒரு பொட்டும் வரலை.

எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கும்னுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனா அந்த பூஜை போட்டோ, ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? அதை ஒரு நாள் வேன்ல பெருசு பண்ணிப் பார்த்தேன். மணி அண்ணன், பாபு சார், மடி நிறையப் பொரியோட அக்கா. முன்னாடி வாழையிலை, அதுல வயரே இல்லாத டிஸ்க், ஓட்டை மேல ஈரச் சந்தனம். அதுக்குப் பக்கத்துல, டிஸ்க் வேலை செய்யும்போது மட்டும் எரியுற அந்தக் கடுகு சைஸ் நீல விளக்கு. எரிஞ்சுகிட்டு இருக்கு. குத்து விளக்கோட பிரதிபலிப்பும்மா, போன் கேமராவே பேஜாரு, அப்படிங்கிறார் பாபு சார். குத்து விளக்கு நீலமா எரியுமா சார்னு கேட்டா, பேச்சை மாத்திடுறார். அந்த போட்டோவை அழிக்கவும் மனசு வரலை, ராத்திரியில திறந்து பார்க்கவும் மனசு வரலை.

அதனாலதான் இந்த வருஷம் சோதனை. பழைய டிஸ்க்குக்கு அதே மாதிரி பலகை ஒண்ணு தேடிப் பிடிச்சு வாங்கி மாட்டிட்டேன். மணி அண்ணன் மெயினை இறக்கி, பூ சுத்தி, ஓட்டையில சந்தனம் வைக்கணும், போன தடவை எப்படி வச்சாரோ அப்படியே. நாலு பக்கமும் போன் கேமரா ஓடும். வரைபடத்துல ஒண்ணே ஒண்ணுல தப்பு இருக்கும், எதுலன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சோதிக்கிறியா அதை? கோச்சிக்கப் போகுதுடி,"ன்னுச்சு அக்கா. ஆனா கொஞ்ச நேரத்துலயே அக்காவுக்கும் ஆசை வந்துடுச்சு. மூலையில இருக்குற கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் போடலாம்னு சொன்னது அக்காதான். நல்லாப் பெருசா, தாராளமா. போன தடவை இடம் பத்தாமத்தான் வெறும் பொட்டோட விட்டிருக்கும்னு ஒரு வாதம் வேற. போட்டாச்சு. 'சரி பார்த்தவர் கருத்து'ன்னு தலைப்பு கூடக் கொடுத்தாச்சு.

பூஜை முடிஞ்ச மறுநாள் காலையில மணி அண்ணன் பூவை அவுப்பார், டிஸ்க்கைத் திறப்போம். பொட்டு இருந்தா பரவாயில்லை, பழகினதுதான். அந்தப் பெரிய கட்டத்துல ஏதாவது எழுதியிருந்தா அதை யார் முதல்ல படிக்கிறதுன்னுதான் இன்னும் முடிவாகலை. அக்கா என்னைக் கை காட்டுது, நான் அக்காவைக் கை காட்டுறேன்.